மொய்க் கணக்கில் வந்த 99 சதவீதம்

கேள்வி: வணக்கம் சார். எனக்குச் சொந்த ஊர் கோயம்புத்தூர். எட்டு வருடமாக டொரொண்டோவில் இருக்கிறேன். பழைய ஃபிலிம் கேமரா, லென்ஸ் சேர்ப்பது என் பொழுதுபோக்கு. போன மாதம் ஓர் இணைய ஏலத்தில் 50 மில்லிமீட்டர் லென்ஸ் ஒன்றை 210 டாலருக்கு எடுத்தேன். விற்றவருக்கு 2,300 ரேட்டிங், 99.6 சதவீதம் பாசிட்டிவ். பொருள் கைக்கு வந்து 19 நாள் ஆகிறது. டார்ச் அடித்துப் பார்த்தால் உள்ளே சிலந்தி வலை மாதிரி பூஞ்சை. கோபத்தில் உடனே நெகட்டிவ் போட்டுவிட்டேன். இப்போது அவர், "பாசிட்டிவாக மாற்றினால் 60 டாலர் திருப்பித் தருகிறேன், இல்லையென்றால் அவதூறு வழக்குப் போடுவேன்" என்கிறார். மாற்றிவிடலாமா? இப்படிப்பட்ட ஆளுக்கு 99.6 சதவீதம் எப்படி வந்தது? இன்னொரு சந்தேகம். என்னிடம் உள்ள நாலு கேமராவை விற்க நினைக்கிறேன். என் ரேட்டிங் பூஜ்யம். இங்கே பத்துப் பேர் வாட்ஸ்அப் குழு வைத்து, ஒருவரிடம் ஒருவர் ஒரு டாலர் பொருளாக வாங்கி பாசிட்டிவ் போட்டுக்கொள்கிறார்கள். நானும் அதில் சேரலாமா?

பெயர் வேண்டாம், டொரொண்டோ

பதில்:

வணக்கம்மா. அவசரமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். ரேட்டிங்கை மாற்றாதீர்கள், அந்த 60 டாலரையும் வாங்காதீர்கள். இன்றைக்கே தளத்துக்குள் போய், 'விவரத்தில் சொன்னபடி பொருள் இல்லை' என்ற காரணத்தைக் குறிப்பிட்டு ரிட்டர்ன் கேளுங்கள். நீங்கள் எழுதியிருந்த தளத்தின் பெயரை வெளியிடும்போது எடுத்துவிட்டேன். இந்த மாதிரி ஏலத் தளங்களுக்கெல்லாம் தாத்தா ஈபே, அதனால் அதை வைத்தே பேசுகிறேன். அங்கே இதற்குப் பொதுவாக 30 நாள் கெடு. உங்களுக்கு 19 நாள் ஓடிவிட்டது. இந்தப் பகுதி வெளிவரும்வரை காத்திருந்தால் கெடு முடிந்துவிடும் என்பதால் இந்த நாலு வரியை மட்டும் கடிதம் வந்த அன்றே உங்களுக்கு மெயிலில் அனுப்பிவிட்டேன்.

பேச்சு முழுக்கத் தளத்தின் மெசேஜ் பெட்டிக்குள்ளேயே நடக்கட்டும். தனியாக வாட்ஸ்அப்பில் பேசலாம் என்று கூப்பிட்டால் போக வேண்டாம். "மாற்றினால் பணம்" என்று அவர் எழுதியதே விதிமீறல். பணத்தைத் திருப்பித் தருவதையும் பாசிட்டிவையும் முடிச்சுப் போடக் கூடாது என்பது ஈபேயின் வெளிப்படையான விதி. அந்த மெசேஜ்தான் உங்களிடம் இருக்கும் நல்ல சாட்சி. அழித்துவிடாதீர்கள்.

நான் ஒன்பது வருடம் ஓர் ஆன்லைன் விற்பனைத் தளத்தின் புகார்ப் பிரிவில் உட்கார்ந்திருந்தவன். உங்களை மாதிரி முதலில் நெகட்டிவ், அப்புறம் புகார் என்று வருகிறவர்களை தினமும் பார்த்தேன். கோபம் நியாயமானதுதான், ஆனால் வரிசை தப்பு. ரேட்டிங் போடுவதால் பத்துக் காசு திரும்பி வராது. பணத்துக்கு வழி ரிட்டர்ன் மட்டும்தான். ரேட்டிங் உங்களுக்கு அடுத்து வாங்க வருகிறவருக்காக. ரிட்டர்ன் முடியட்டும், பணம் வரட்டும், ரெண்டு நாள் மனசு ஆறட்டும், அதற்குப் பிறகு நிதானமாக எழுதலாம். ஈபேயில் அதற்கு 60 நாள் தருகிறார்கள்.

சரி, 99.6 சதவீதத்துக்கு வருவோம்.

நம் ஊர்க் கல்யாண மண்டபத்தை நினைத்துப் பாருங்கள். பந்தி முடிந்து கை கழுவிவிட்டு வெளியே வருகிறீர்கள். வாசலில் பெண்ணின் அப்பா நின்றுகொண்டு, "சாப்பாடெல்லாம் எப்படி இருந்தது?" என்று கேட்கிறார். சாம்பாரில் உப்புக் கரித்தது, பாயசம் நமக்கு வருவதற்குள் தீர்ந்துவிட்டது. என்ன சொல்வீர்கள்? "ரொம்ப நல்லா இருந்ததுங்க." அன்றைக்கு வாசலில் நின்று கணக்கெடுத்தால் எந்தச் சமையல்காரருக்கும் 99 சதவீதம் வந்துவிடும். உண்மை தெரிய வேண்டுமென்றால் திரும்பிப் போகிற வேனுக்குள் உட்கார்ந்திருக்க வேண்டும்.

மொய் நோட்டும் அந்த மண்டபத்தில்தானே இருக்கிறது. நீங்கள் எங்கள் வீட்டுக்கு ஐந்நூறு எழுதினீர்கள், நான் உங்கள் வீட்டுக்கு ஐந்நூறு எழுதுகிறேன். குறைத்து எழுதினால் நமக்கும் குறைந்தே வரும். ஏலத் தள ரேட்டிங் முதல் பன்னிரண்டு வருடம் ஏறக்குறைய இப்படித்தான் ஓடியது.

பியர் ஒமிடியார் 1995 செப்டம்பரில் கலிஃபோர்னியாவில் தொடங்கிய தளம் ஈபே. அப்போது பெயர் ஆக்‌ஷன்வெப். முதலில் விற்ற பொருள் உடைந்துபோன லேசர் பாயிண்டர், விலை 14.83 டாலர். இவ்வளவு நல்ல தொடக்கம் எந்த நாவலாசிரியருக்கும் தோன்றியிருக்காது. முன்பின் தெரியாத இரண்டு பேர், ஒருவர் பணத்தை முதலில் அனுப்ப வேண்டும், மற்றவர் பொருளைப் பிறகு அனுப்புவார். தகராறு வந்தால் இருவரும் ஒமிடியாருக்கு மெயில் எழுதினார்கள். எத்தனை பஞ்சாயத்தைத்தான் ஒரு ஆள் தீர்ப்பார்? 1996 பிப்ரவரியில் ஃபீட்பேக் ஃபோரம் என்று ஒன்றைத் திறந்தார். நல்லவரைப் புகழுங்கள், மோசடி செய்பவரை எல்லோரும் பார்க்கச் சொல்லுங்கள் என்றார். பாசிட்டிவ் என்றால் கூட்டல் ஒன்று, நெகட்டிவ் என்றால் கழித்தல் ஒன்று, நியூட்ரல் என்றால் பூஜ்யம். ஆரம்பத்தில் யாரும் யாருக்கும் போடலாம், வாங்கி விற்றிருக்க வேண்டும் என்ற கட்டாயம்கூட இல்லை. வியாபாரம் நடந்தால்தான் போட முடியும் என்பது பிறகு வந்த விதி.

அன்றைக்கு அது பெரிய விஷயம்தான். நான் குறை சொல்லப் போவதால் இதையும் சொல்லிவிடுகிறேன்: அந்த ஒரு ஏற்பாடு இல்லாமல், முகம் தெரியாத ஊரில் இருப்பவரிடம் லென்ஸ் வாங்கும் பழக்கம் நமக்கு வந்திருக்காது.

கோளாறு எங்கே வந்தது என்றால், அப்போதெல்லாம் வாங்குபவரும் விற்பவரும் ஒருவருக்கொருவர் போடுவார்கள், போட்டது உடனே தெரிந்துவிடும். யார் முதலில் போடுவது? விற்பவர் காத்திருப்பார். நீங்கள் பாசிட்டிவ் போட்டால் அவரும் பாசிட்டிவ் போடுவார். நீங்கள் நெகட்டிவ் போட்டால், ஒழுங்காகப் பணம் கட்டிய உங்களுக்கு அடுத்த நிமிடமே நெகட்டிவ் விழும். அதோடு, இரண்டு பேரும் சம்மதித்தால் இரண்டு நெகட்டிவையும் எடுத்துவிடலாம் என்று ஒரு வசதி வேறு இருந்தது. பழிக்குப் பழியாக ஒன்றைப் போட்டு, "நீ எடு, நானும் எடுக்கிறேன்" என்று பேரம் பேச அதைவிட வசதியான கருவி கிடையாது. இதையெல்லாம் ஒரு தரம் அனுபவித்தவர் அடுத்த தரம் வாயைத் திறக்க மாட்டார்.

பால் ரெஸ்னிக், ரிச்சர்ட் செக்ஹவுசர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1999-ஆம் ஆண்டு ஈபே விற்பனைகளை அலசினார்கள். வாங்கியவர்களில் பாதிக்குச் சற்று மேல்தான் ரேட்டிங் போட்டிருந்தார்கள். போட்டவர்களில் 99 சதவீதத்துக்கு மேல் பாசிட்டிவ். நெகட்டிவ் 0.6 சதவீதம். உலகத்தில் எந்தச் சந்தையிலும் இவ்வளவு நல்லவர்கள் கிடையாது. கோயம்பேட்டில் ஒரு நாள் தக்காளி வாங்கிப் பார்த்தவருக்கு இதை நான் விளக்கவே வேண்டாம்.

பிறகு கிறிசந்தோஸ் டெல்லரோகாஸும் சார்ல்ஸ் வுட்டும் அரிய நாணய ஏலங்களை எடுத்துக்கொண்டு, பேசாமல் போனவர்களையும் கணக்கில் சேர்த்து மதிப்பிட்டுப் பார்த்தார்கள். 2008-இல் வந்த அந்த ஆய்வின்படி உண்மையில் திருப்தியாக இருந்த வாங்குபவர்கள் சுமார் 79 சதவீதம். நூற்றுக்கு இருபது பேர் முகம் சுளித்திருக்கிறார்கள். தளத்தில் அது ஒருவராகக்கூடத் தெரியவில்லை.

இந்த இருபது பேரை நான் நம்புகிறேன், ஏனென்றால் நானும் அவர்களில் ஒருவன். பல வருடம் முன்பு ஒரு பழைய பெட்ரோமாக்ஸ் விளக்கு வாங்கினேன். மேல்மூடி நசுங்கி வந்தது. விற்ற பெரியவர் பார்சலுக்குள் ஒரு சீட்டு எழுதி வைத்திருந்தார்: "இது என் அப்பா கடையில் எரிந்த விளக்கு, பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்." இதைப் படித்த பிறகு நெகட்டிவ் போட எனக்குக் கை வரவில்லை. பாசிட்டிவ் போடவும் மனசு ஒப்பவில்லை. சும்மா இருந்துவிட்டேன். அவருடைய சதவீதத்தில் நான் இல்லை.

சும்மா இருந்தவர்களைச் சேர்க்காததுதான் இந்தக் கணக்கின் பெரிய ஓட்டை. இரண்டு பேர் விற்கிறார்கள் என்று வையுங்கள். இருவருக்கும் தலா நூறு ரேட்டிங், அதில் 99 பாசிட்டிவ். தளத்தில் இருவருமே 99 சதவீதம். ஆனால் முதல் ஆள் விற்றது 120 பொருள், இரண்டாவது ஆள் விற்றது 200 பொருள். மொத்த விற்பனைக்குக் கணக்குப் போட்டால் முதல்வருக்கு 82.5 சதவீதம், இரண்டாமவருக்கு 49.5 சதவீதம். கிறிஸ் நோஸ்கோவும் ஸ்டீவன் டடேலிஸும் ஈபேயின் உள்கணக்கை வைத்தே இதைப் பார்த்தார்கள். தளம் காட்டும் சதவீதம் சராசரியாக 99.3, பாதிக்கு மேற்பட்ட விற்பனையாளர்களுக்கு நூற்றுக்கு நூறு. மொத்த விற்பனையில் எத்தனை பாசிட்டிவ் என்று பார்த்தபோது வித்தியாசம் பளிச்சென்று தெரிந்தது. அந்தக் கணக்கில் குறைவாக இருந்தவர்களிடம் வாங்கியவர்கள், தளத்துக்கே திரும்பி வருவது குறைந்தது. அவர்கள் புகார் எழுதவில்லை, கடையை மாற்றிக்கொண்டார்கள்.

உங்கள் ஆள் விஷயத்தில் இன்னொரு கணக்கும் இருக்கிறது. 2,300 என்பது அவர் கடை திறந்த நாளிலிருந்து சேர்ந்த மொத்தம். ஈபே மாதிரித் தளத்தில் சதவீதம் கடைசி 12 மாதத்துக்கு மட்டும்தான். பக்கத்துப் பக்கத்தில் போட்டிருப்பதால் 2,300 பேரில் 99.6 சதவீதம் என்று படித்துவிடுகிறோம். கடைசி வருடத்தில் அவருக்கு 250 ரேட்டிங்தான் வந்திருக்கிறது, அதில் ஒன்று நெகட்டிவ் என்று வையுங்கள்: சரியாக 99.6. உங்களுடையதும் சேர்ந்தால் ஏறக்குறைய 99.2. அவர் ஏன் இப்படிப் பதறுகிறார் என்று இப்போது புரிகிறதா? எல்லோரும் 99-க்கு மேல் நிற்கிற இடத்தில் அரைப் புள்ளி என்பது பெரிய சரிவு. நியூட்ரல் போட்டால் சதவீதக் கணக்கில் சேர்வதே இல்லை. பயந்துபோய் "நடுவாந்திரமா போட்டு வைப்போம்" என்று போடுகிறவர்களின் மனக்குறை முழுக்க அங்கேதான் காணாமல் போகிறது.

தளத்துக்கு இது தெரியாமல் இல்லை. 2007 மே மாதம் தனி நட்சத்திரங்கள் கொண்டுவந்தார்கள். பொருள் சொன்னபடி இருந்ததா, பேச்சுத் தொடர்பு எப்படி, எவ்வளவு சீக்கிரம் அனுப்பினார், அனுப்பும் கட்டணம் நியாயமா என்று நான்குக்கும் ஒன்றிலிருந்து ஐந்து. வாங்குபவர் மட்டும் போடுவார், யார் போட்டது என்று விற்பவருக்குத் தெரியாது, சராசரி மட்டும் தெரியும். பயம் போன உடனே ஜனங்கள் கொஞ்சம் உண்மை பேச ஆரம்பித்தார்கள். அடுத்த வருடம், 2008 மே மாதம், அடுத்த அடி. விற்பவர் இனி வாங்குபவருக்கு நெகட்டிவும் போட முடியாது, நியூட்ரலும் போட முடியாது. பாசிட்டிவ் போடலாம், இல்லையென்றால் சும்மா இருக்கலாம். அறிவிப்பு வந்த கையோடு பிப்ரவரியில் விற்பனையாளர்கள் ஒரு வாரம் பொருள் போடாமல் போராட்டமே நடத்தினார்கள்.

அவர்கள் கோபத்திலும் நியாயம் உண்டு. அன்றிலிருந்து வாங்குபவரின் ரேட்டிங் என்பது வெறும் அலங்காரம். ஏலத்தில் ஜெயித்துவிட்டுப் பணமே கட்டாதவர், நல்ல பொருளை வாங்கி உடைந்த பொருளைத் திருப்பி அனுப்புகிறவர், "பாதிப் பணம் கொடு, இல்லையென்றால் நெகட்டிவ்" என்று மிரட்டுகிறவர், எல்லோருக்கும் நூற்றுக்கு நூறு. என் ஒன்பது வருடத்தில் விற்பவர் அழுது பார்த்ததும் உண்டு, வாங்குபவர் அழுது பார்த்ததும் உண்டு. யார் அதிகம் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. இருந்தாலும் அந்த 2008 முடிவு சரி என்பதுதான் என் எண்ணம். மிரட்டும் வாங்குபவரை விற்பவர் பட்டியல் போட்டுத் தடுக்கலாம், தளத்திடம் புகார் செய்யலாம். மிரட்டும் விற்பவர்களோ எல்லா வாங்குபவரின் வாயையும் ஒரேயடியாகக் கட்டிவிட்டார்கள். க்ளைன், லாம்பெர்ட்ஸ், ஸ்டால் என்ற மூவர் பிறகு ஆராய்ந்தபோது, மாற்றத்துக்குப் பின் வாங்குபவர்களின் திருப்தி கூடியிருந்தது. விற்பவர்கள் கூட்டமாக வெளியேறவும் இல்லை. இருந்தவர்களே கொஞ்சம் ஒழுங்காக நடக்க ஆரம்பித்திருந்தார்கள்.

வீடு, அறை வாடகைக்கு எடுக்கும் தளமான ஏர்பிஎன்பி 2014-இல் வேறு வழி பிடித்தது. இருவரும் எழுதி முடித்த பிறகு, அல்லது 14 நாள் கழிந்த பிறகு, இரண்டையும் ஒரே நேரத்தில் திறப்பது. மொய்க் கவரைக் கடைசியில் எல்லாருடையதையும் சேர்த்துப் பிரிப்பது போல. பழிவாங்குவதற்கு அது மருந்து. தாட்சண்யத்துக்கு மருந்து இன்னும் யாரும் கண்டுபிடிக்கவில்லை.

இதுவரை சொன்னது சாதாரண மனிதர்கள் வாய் மூடியிருப்பதால் வரும் கோளாறு. வேண்டுமென்றே ஏமாற்றுகிறவர்களின் வழி வேறு. ஒருவர் ஆறு மாதம் ஸ்டிக்கர், பட்டன், பழைய தபால் அட்டை என்று ஒரு டாலர், ரெண்டு டாலர் பொருளாக விற்று இருநூறு பாசிட்டிவ் சேர்ப்பார். ஏழாவது மாதம் அதே கணக்கில் திடீரென்று பத்து விலை உயர்ந்த கேமரா ஏலத்துக்கு வரும். பணம் போகும், பொருள் வராது. ஒரு டாலர் பட்டனுக்கு வந்த பாசிட்டிவும் ஆயிரம் டாலர் கேமராவுக்கு வந்த பாசிட்டிவும் கணக்கில் ஒன்றுதான். லூயிஸ் கப்ராலும் அலி ஹோர்டாசுவும் ஈபே விற்பனையாளர்களின் பாதையைப் பின்தொடர்ந்து பார்த்தார்கள். கடையை மூடுகிறவர்களுக்கு, மூடுவதற்குச் சற்று முன்பு நெகட்டிவ் வழக்கத்தைவிட அதிகமாக வந்திருந்தது. நல்லபடியாக விற்றுக்கொண்டிருந்தவருக்கு முதல் நெகட்டிவ் விழுந்ததும், வாரத்துக்கு 5 சதவீதம் என்று வளர்ந்துகொண்டிருந்த விற்பனை, வாரத்துக்கு 8 சதவீதம் என்று சரியத் தொடங்கியது. ஆகவே மொத்தச் சதவீதத்தை விட்டுவிட்டுக் கடைசி ஒரு மாதத்தைப் பாருங்கள்.

கள்ள ஏலம் கேட்பது தனிக் கதை. தன் பொருளுக்குத் தானே வேறு பெயரில் கேட்டு விலை ஏற்றுவது. 2000 மே மாதம் கென்னத் வால்டன் என்ற கலிஃபோர்னிய வழக்கறிஞர் ஓர் ஓவியத்தை ஈபேயில் ஏலம் விட்டார். பெரிய ஓவியர் ஒருவரின் கைவேலை போலத் தோற்றம் காட்டிய படம். ஏலம் 135,805 டாலர் வரை போனது. தன் பொருளுக்குத் தானே கேட்டிருந்தது தெரிந்ததும் தளம் விற்பனையை ரத்து செய்தது. அவரும் கூட்டாளிகளும் பல பெயர்களில் ஒருவர் பொருளுக்கு ஒருவர் கேட்டு விலை ஏற்றியது அப்புறம் வழக்காக வந்தது, வால்டன் குற்றத்தை ஒப்புக்கொண்டார். இதில் ரேட்டிங்கால் என்ன செய்ய முடியும்? கள்ளத்தனமாகக் கேட்பவர் கடைசியில் தோற்பவர். தோற்றவர் எதையும் வாங்கவில்லை, அதனால் அவருக்கு ரேட்டிங்கே கிடையாது. ஒருவர் எப்படி விலை ஏற்றினார் என்பது யார் எப்போது எவ்வளவு கேட்டார் என்ற ஏலப் பட்டியலில் மட்டும்தான் தெரியும். ஒரே விற்பனையாளரின் பொருள்களுக்கு மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டு, ஒன்றிலும் ஜெயிக்காத ஒரு பெயர் இருந்தால் எழுந்து போய்விடுங்கள்.

அடுத்த லென்ஸ் வாங்கும்போது நீங்கள் என்ன செய்யலாம்? சதவீதத்தைப் பத்து நொடிக்கு மேல் பார்க்காதீர்கள். நெகட்டிவையும் நியூட்ரலையும் மட்டும் தனியாகப் பிரித்து, ஒன்று விடாமல் படியுங்கள். பத்துப் பதினைந்துதான் இருக்கும். "தாமதமாக வந்தது" என்பவர்களைத் தள்ளிவிடலாம். "சொன்னது ஒன்று, வந்தது ஒன்று" என்று மூன்று பேர் எழுதியிருந்தால் போதும், முடிவு தெரிந்துவிட்டது. அந்த நெகட்டிவுக்குக் கீழே விற்பவர் எழுதியிருக்கும் பதிலைப் படிப்பது அதைவிட முக்கியம். "மன்னிக்கவும், முழுப் பணம் திருப்பினேன்" என்பவரிடம் நான் வாங்குவேன். "இந்த ஆள் முட்டாள்" என்று எழுதுகிறவர் நாளைக்கு உங்களையும் அதையேதான் எழுதுவார். அப்புறம், பாசிட்டிவ் எல்லாம் எந்தப் பொருளுக்கு வந்தது என்று பாருங்கள். லென்ஸ் விற்று வந்ததா, பட்டன் விற்று வந்ததா? மொத்தம் எத்தனை பொருள் விற்றார் என்று தளம் காட்டினால், ரேட்டிங் எண்ணிக்கையை அதோடு வகுத்துப் பாருங்கள். தோராயமாக இருந்தாலும் பரவாயில்லை.

லென்ஸ் விஷயத்தில் இன்னொன்று உங்களுக்கே தெரிந்திருக்கும். ரேட்டிங் வீங்கியது போலவே பொருளின் தர வார்த்தைகளும் வீங்கிக் கிடக்கின்றன. தலைப்பில் 'நியர் மின்ட்', அதாவது கிட்டத்தட்டப் புதிது என்றிருக்கும், பெரிய எழுத்தில். பத்து வரி கீழே, சின்ன எழுத்தில், "லேசான பூஞ்சை உண்டு, படத்தைப் பாதிக்காது" என்றிருக்கும். உங்கள் லென்ஸின் விவரத்தை முழுக்க ஒரு தரம் படித்துவிட்டு ரிட்டர்ன் போடுங்கள். அப்படி ஒரு வரி அங்கே இருந்தால் உங்கள் பக்கம் பலவீனம். இல்லையென்றால் அந்தப் பக்கத்தையும், டார்ச் அடித்து எடுத்த படத்தையும் சேர்த்துப் போடுங்கள். இனிமேல் ஏலம் கேட்பதற்கு முன்பே, "பின்பக்கத்திலிருந்து டார்ச் அடித்து ஒரு படம் அனுப்ப முடியுமா?" என்று கேட்டுவிடுங்கள். அனுப்ப மறுப்பவரின் 99.6 சதவீதம் நமக்கு வேண்டாம்.

வழக்கு மிரட்டலுக்கு நீங்கள் பயப்படும் அளவுக்கு ஒன்றும் இல்லை. நான் வழக்கறிஞன் இல்லை, ஆனாலும் இந்த மாதிரி மெசேஜ் நூற்றுக்கணக்கில் படித்திருக்கிறேன். நிஜமாகவே கோர்ட்டுக்குப் போனவர்களும் உண்டு. 2013-இல் அமெரிக்காவின் ஒஹையோவில் ஒரு விற்பனை நிறுவனம், தபால் கட்டணம் 1.44 டாலரைத் தன்னிடம் வாங்கிவிட்டார்கள் என்று நெகட்டிவ் எழுதிய வாங்குபவர் மேல் வழக்குப் போட்டது. எழுதியது உண்மை என்று அவர்களே ஒப்புக்கொண்டார்கள். விஷயம் வெளியே தெரிந்து ஊர் சிரித்ததும் மன்னிப்புக் கேட்டு வழக்கை வாபஸ் வாங்கினார்கள். உங்கள் ஊரிலும் அவதூறு வழக்கில் உண்மையே முதல் கவசம். உங்கள் நெகட்டிவில் "திருடன், ஃபிராடு" என்று ஏதாவது எழுதியிருந்தால் மட்டும், தளம் அனுமதித்தால், அந்த வார்த்தைகளை மாற்றுங்கள். "லென்ஸின் உள்ளே பூஞ்சை இருந்தது, விவரத்தில் சொல்லப்படவில்லை." இந்த ஒரு வரி போதும். அவர் முழுப் பணத்தையும் திருப்பித் தந்துவிட்டால், அதன் கீழேயே "ரிட்டர்ன் கேட்டதும் முழுப் பணம் திருப்பினார்" என்று சேருங்கள். அதுவும் உண்மைதானே. தளம் வழியாக அவர் முறைப்படி திருத்தக் கோரிக்கை அனுப்பினால் பரிசீலிக்கலாம். ஈபேயில் விற்பவருக்கு வருடத்துக்கு ஆயிரம் ரேட்டிங்குக்கு ஐந்து கோரிக்கைதான் அனுமதி, அதனால் யாரும் அதைச் சும்மா செலவழிக்க மாட்டார்கள்.

வாட்ஸ்அப் குழுவுக்கு வருவோம். சேராதீர்கள். இது நம்மவர்கள் கண்டுபிடித்த தந்திரமும் இல்லை. ஜெனிஃபர் பிரௌன், ஜான் மோர்கன் என்ற இருவர் 2006-லேயே இதைப் பற்றி எழுதிவிட்டார்கள். ஒரு சென்ட் விலையில் மின்நூல் என்று ஏதோ ஒரு ஃபைல் விற்பார்கள், யாரும் அதைப் படிக்க வாங்குவதில்லை, பரஸ்பரம் பாசிட்டிவ் போட்டுக்கொள்ளத்தான் வியாபாரமே. தளங்கள் அதைப் பார்த்துப் பழகிவிட்டன. ஒரே ஆள் ஒரே வாரத்தில் எத்தனை போட்டாலும் ஈபேயில் ஒன்றாகத்தான் எண்ணுகிறார்கள். பத்துப் பேர், எல்லோரும் ஒரே ஊர், ஒருவரிடம் ஒருவர் ஒரு டாலர் பொருளாக வாங்குகிறார்கள். என் பழைய பிரிவில் இந்த மாதிரி வட்டம் மாட்டும்போது தனித்தனியாக விசாரிக்க மாட்டோம், பத்துக் கணக்கையும் சேர்த்து முடக்குவோம். அதில் உண்மையாக நாலு கேமரா விற்க வந்தவர் யார் என்று பார்க்க எங்களுக்கு நேரம் இருந்ததில்லை.

பூஜ்யம் என்பது நீங்கள் பயப்படும் அளவுக்குப் பெரிய குறையும் இல்லை. ரெஸ்னிக்கும் கூட்டாளிகளும் 2006-இல் வெளியிட்ட இன்னொரு ஆய்வு எனக்கு ரொம்பப் பிடிக்கும். பழைய தபால் அட்டை விற்கும், நல்ல பெயர் எடுத்த ஒருவரையே பிடித்து, ஒரே மாதிரி அட்டைகளை அவருடைய பழைய பெயரிலும் புத்தம்புதிய பெயர்களிலும் விற்க வைத்தார்கள். பழைய பெயருக்குக் கிடைத்த கூடுதல் மதிப்பு 8.1 சதவீதம். அவ்வளவுதான். 200 டாலர் கேமராவில் பதினாறு டாலர். புதுக் கடை போடுகிறவர் கொடுக்கும் அட்வான்ஸ் என்று நினைத்துக்கொள்ளுங்கள். கேமராவுக்கும் தபால் அட்டைக்கும் அளவு மாறலாம், ஆனால் உங்கள் குழு நண்பர்கள் சொல்வது போல பூஜ்யத்தில் ஒருவரும் வாங்க மாட்டார்கள் என்பது இல்லை.

நாலு கேமராவில் விலை குறைந்ததை முதலில் போடுங்கள், விலை உயர்ந்ததைக் கடைசியாக. ஷட்டர் எந்த வேகத்தில் இழுக்கிறது, லைட் மீட்டர் வேலை செய்கிறதா, ஒளி தடுக்கும் ஸ்பாஞ்சு கரைந்துவிட்டதா என்று எல்லாக் குறையையும் தலைப்புக்கு அடுத்த வரியிலேயே எழுதிவிடுங்கள். டார்ச் அடித்த படத்தை யாரும் கேட்பதற்கு முன்பே போடுங்கள். ஏலத்தில் ஜெயித்தவர் நாலைந்து நாளாகியும் பணம் கட்டவில்லை என்றால் விற்பனையை ரத்து செய்து, காரணத்தைத் தளத்தில் பதிவு செய்துவிடுங்கள். அவருக்கு நெகட்டிவ் போட உங்களால் முடியாது, ஆனால் பணம் கட்டாததற்கான புள்ளி அவர் கணக்கில் சேரும், அது சேர்ந்தவர்கள் உங்கள் ஏலத்தில் நுழையாதபடி அமைப்பில் தடுக்கவும் முடியும். "பாதிப் பணம் கொடு, இல்லையென்றால் நெகட்டிவ்" என்று யாராவது வந்தால், உங்கள் லென்ஸ்காரர் விஷயத்தில் சொன்னதுதான்: தளத்துக்குள்ளேயே பதில், "முழுப் பணத்துக்கு ரிட்டர்ன் போடுங்கள்" என்ற ஒரு வரி, அதற்கு மேல் ஒன்றும் பேசாதீர்கள்.

லென்ஸைத் திருப்பி அனுப்பும்போது டிராக்கிங் இருக்கிற முறையில் அனுப்புங்கள், பெட்டியை மூடுவதற்கு முன் சீரியல் எண் தெரிய ஒரு வீடியோ எடுங்கள். அதுவரை அதை உங்கள் மற்ற லென்ஸ்களோடு ஒரே பெட்டியில் வைக்காதீர்கள். ஈரம் பட்டால் அந்தப் பூஞ்சை பக்கத்து லென்ஸுக்கும் தாவலாம்.